கீசர் சொன்ன பொய்

அத்தியாயம் 9

மூன்றாவது முறை மணியை அழுத்தியும் கதவு திறக்கவில்லை. உள்ளே ஒரு பெண் குரல் மட்டும் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தது. முழங்கால் வலிக்கு எந்தத் தைலத்தை எந்தப் பக்கமாகத் தேய்க்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தது.

"டிவிதான்கா," என்றான் ஒயர்மேன். "நிஜ ஆளா இருந்தா இந்நேரம் ஒரு தடவையாவது யாருன்னு கேட்டிருக்கும்."

சர்வேயர் கதவில் காதை வைத்துக் கேட்டாள். இருபத்திரண்டு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக எரிந்த வீடுகளையும் மூழ்கிய கிடங்குகளையும் பார்த்து, நஷ்டம் எவ்வளவு, காரணம் யார் என்று எழுதிக் கொடுத்தவள் அவள். வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்து நான்கு வருடமாகியும் ஊருக்கு அவள் சர்வேயர்தான். ஒயர்மேனும் அப்படித்தான். ஏணியிலிருந்து இரண்டு முறை விழுந்தபின், இனி தரையை விட்டு ஒரு அடிகூட மேலே போவதில்லை என்று மனைவியிடம் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். நாற்பது வயது. வாயை மட்டும் எந்தச் சத்தியமும் கட்டுப்படுத்தவில்லை.

வெளிநாட்டிலிருக்கும் ஒரு மகன் கொடுத்த வேலை இது. அவனுடைய அம்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. ஆபரேஷன் தியேட்டரில் முப்பத்து நான்கு வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற சிஸ்டர். இந்த ஃப்ளாட்டில் தனியாக இருக்கிறார். பத்து மாதத்துக்கு முன் மகன் மெயின் போர்டில் சின்ன டப்பா ஒன்றைப் பொருத்தினான். வீட்டில் எந்த நேரத்தில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று அது அவனுடைய போனுக்குக் கோடு போட்டு அனுப்பும். ஆறு மணிக்குக் கோடு எழும்பினால் அம்மா கீசர் போட்டுவிட்டார். ஏழரைக்கு லேசாக ஏறினால் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

ஆரம்பத்தில் கோடு கடிகாரம் போல இருந்ததாம். பிறகு நழுவத் தொடங்கியது. ஒரு வாரம் பத்து நிமிடம், இன்னொரு வாரம் அரை மணி. இப்போது அம்மா கீசர் போடுவது எட்டு ஐம்பதுக்கு. முன்பு அரை மணி எரிந்த கீசர் இப்போது பத்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ஏம்மா லேட்டா எழுந்திருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டானாம். ஆறு மணிக்கே எழுந்துவிடுகிறேன் என்றாராம் அவர். மகன் அந்தக் கோட்டை ஒரு டாக்டரிடம் காட்டினான். ஞாபகம் தவறுகிறவர்களுக்கு முதலில் நேரம்தான் தவறும், அடுத்தது குளியல் என்று டாக்டர் சொன்னார்.

முதியோர் இல்லம் ஒன்றில் இடம் பேசியாகிவிட்டது. நாளை காலை பத்து மணிக்குச் சேர்க்க வேண்டும். மகனின் விமானம் இன்று மூன்றரைக்கு இறங்குகிறது. அதற்குள் நேரில் பார்த்து, அம்மாவுக்கு நேரம் தெரிகிறதா இல்லையா என்று சர்வேயர் ஒரே ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். நாளை இரவு அந்த அம்மா எந்தக் கட்டிலில் படுப்பார் என்பதை அந்தப் பக்கம்தான் முடிவு செய்யும். சர்வேயருக்கு அது பிடிக்கவில்லை. எரிந்த வீட்டைப் பற்றி எழுதுவது வேறு. அதில் இனிமேல் யாரும் படுக்கப்போவதில்லை.

குடியிருப்புச் சங்கத்தின் மாற்றுச் சாவியோடு வாட்ச்மேன் வந்து நின்றார். அம்மா உள்ளேதான் இருக்கிறார் என்று அடித்துச் சொன்னார். காலையும் இரவும் டிவி கேட்கிறது, இரவில் படுக்கையறை விளக்கு எரிகிறது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாயங்காலமானால் அவருடைய ஏசி தன் நாற்காலியில் சொட்டுகிறது என்றார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று சர்வேயர் கேட்டாள். பார்க்க என்ன இருக்கிறது, ஏசிதான் சொட்டுகிறதே என்றார் அவர்.

கதவு திறந்தது. கூடத்தில் பழைய பெட்டி டிவி ஒன்று காலி நாற்காலியிடம் முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

படுக்கையறையில் யாரும் இல்லை. விரிப்பு ஆஸ்பத்திரிக் கட்டில் போல நான்கு மூலையும் மடித்துச் செருகப்பட்டிருந்தது. சமையலறைத் தொட்டியில் சிலந்தி குடித்தனம் வைத்திருந்தது. குளியலறைத் தரை எலும்பாகக் காய்ந்திருந்தது. சோப்பு வெடித்திருந்தது. பல் துலக்கும் பிரஷ் இல்லை. அலமாரியில் ஒரு தட்டு மட்டும் காலி. ஃப்ரிட்ஜ் நல்ல உடல்நலத்தோடு உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது.

யாரோ கடத்திவிட்டார்கள், போலீசைக் கூப்பிடலாம் என்றார் வாட்ச்மேன்.

"கடத்திட்டுப் போறவன் படுக்கைய இப்படி விரிச்சிட்டுப் போக மாட்டாண்ணே," என்றான் ஒயர்மேன். "எனக்கே இதுக்கு மூணு நாள் டிரெயினிங் வேணும்."

பேசிக்கொண்டே டிவிக்குப் பின்னால் குனிந்தவன் அப்படியே நின்றான். ப்ளக் நேராகச் சுவரில் செருகப்பட்டிருக்கவில்லை. நடுவில் கைப்பிடி அளவுக்கு ஒரு வெள்ளை டைமர் இருந்தது. முகத்தில் இருபத்து நான்கு மணி நேரமும் குறித்த வட்டத்தட்டு. அதைச் சுற்றிச் சின்னச் சின்னப் பற்கள். எந்த நேரத்துப் பல்லை அமுக்கி வைக்கிறோமோ அந்த நேரத்துக்குக் கரண்ட் போகும். மேலே காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரியை ஒட்டி, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் எழுதியிருந்தது: காலை 7.30 – 9.00, இரவு 7.00 – 9.00.

தேடியதில் மொத்தம் ஐந்து கிடைத்தன. கீசருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று, டிவிக்கு ஒன்று, சமையலறைப் புகைபோக்கி விசிறிக்கு ஒன்று, படுக்கையறை விளக்குக்கு ஒன்று. எல்லாவற்றிலும் அதே பிளாஸ்திரி, அதே எழுத்து.

ஒயர்மேன் தன் பையிலிருந்து வாட் காட்டும் மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தான். சர்வேயர் குறித்துக்கொண்டாள். டிவி தொண்ணூறு. செட்டாப் பாக்ஸை ஓடவிட்டால் பதினான்கு, ரிமோட்டில் அணைத்தால் பதின்மூன்று.

"தூங்கினாலும் முழுச் சம்பளம்," என்றான் அவன். "எங்க மச்சானும் இதே கிரேடுதான்."

கீசர் ஏன் பத்து நிமிடத்தில் அடங்குகிறது என்பதும் புரிந்தது. யாராவது தண்ணீரைத் திறந்து குளித்தால் புதுத் தண்ணீர் உள்ளே வரும், அதைச் சுட வைக்க அரை மணி ஆகும். யாரும் தொடாவிட்டால் நேற்றுச் சுட்ட அதே தண்ணீர். ஆறிய கொஞ்சத்தை ஏற்றிவிட்டுத் தானே நின்றுவிடும். மகன் சொன்ன குளிக்காத அம்மா, இல்லாத அம்மா.

ஏசி விஷயம் இன்னும் வேடிக்கையாக இருந்தது. வாங்கிக் கொடுத்த ஏசியை அம்மா ஒரு நாளும் போடவில்லை என்று மகன் மெயிலில் குறைப்பட்டிருந்தான். கடந்த இரண்டு மாதமாகத்தான் தினமும் இரண்டு மணி நேரம் போடுகிறாராம், அது ஒன்றுதான் நல்ல செய்தியாம். அவர் இருந்தபோது மாதம் நூற்றுப் பத்து யூனிட். போனபிறகு நூற்று அறுபது.

"அந்தம்மா இருக்கிறத விட இல்லாததுக்குத்தான்கா செலவு ஜாஸ்தி," என்றான் ஒயர்மேன்.

சர்வேயர் காலி நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அவளுடைய அனுபவத்தில் பொய் சொல்வது மனிதர்கள்தான், வீடு அல்ல. சமையல் அடுப்பு வெடித்தது என்று வீட்டுக்காரர் அழுவார். கருகிய சுவர், இல்லை, இந்த ஒயர்தான் என்று காட்டிக் கொடுத்துவிடும். சுவரை நம்பியே அவள் பிழைத்திருந்தாள். இந்த வீடு அவள் முகத்துக்கு நேரே, கொஞ்சமும் கூச்சமில்லாமல், டிவி போட்டுக்கொண்டு பொய் சொன்னது. அதில் அவளுக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு பொறுமையாக ஒரு பொய்யைக் கட்டிவைக்க ஒருத்திக்கு என்ன வேண்டியிருந்திருக்கும் என்றுதான் நினைத்தாள்.

பிறகு ஒன்று உறைத்தது. பிளாஸ்திரியில் ஒன்பது மணிக்கு டிவி நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அவளுடைய கைக்கடிகாரத்தில் மணி பதினொன்று பத்து. டிவி ஓடிக்கொண்டிருந்தது. டைமரின் தட்டைப் பார்த்தாள். அதன் கணக்குப்படி இப்போது எட்டு இருபது.

"சரக்கு மட்டமா?" என்று கேட்டாள்.

ஒயர்மேன் எல்லாவற்றையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "மட்டமான சரக்குன்னா ஆளுக்கொரு பக்கம் ஓடும். இங்க நாலு டைமரும் சொல்லி வச்ச மாதிரி ரெண்டு மணி அம்பது நிமிஷம் லேட். பெட்ரூம் விளக்கு மட்டும் கரெக்ட் டைம். அது ஒண்ணுதான் ஒழுங்கா படிச்சிருக்கு."

"அந்த விளக்கு எந்த லைன்?"

"இன்வெர்ட்டர் லைன்," என்றவன் வாயைத் திறந்தபடியே நின்றான். அபூர்வமாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

விஷயம் அவ்வளவுதான். டைமரின் தட்டைச் சுற்றவைப்பது கரண்ட். கரண்ட் போனால் தட்டு நிற்கும். வந்ததும், நடுவில் போன நேரம் தெரியாமல், விட்ட இடத்திலிருந்து சுற்றும். விளக்குக்கு மட்டும் இன்வெர்ட்டர் இருந்ததால் அதன் தட்டு நிற்கவே இல்லை. கீசரும் ஏசியும் டிவியும் விசிறியும் ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கிவிட்டன. வெளிநாட்டு டாக்டர் கண்டுபிடித்த வியாதி, இந்தத் தெருவில் இத்தனை நாளாகக் கரண்ட் போன நேரத்தின் கூட்டுத்தொகை.

நோய் தீர்ந்துவிட்டது. நோயாளியைத்தான் காணவில்லை.

"அண்ணே," என்று சர்வேயர் வாட்ச்மேனைக் கேட்டாள், "கரண்ட் போனா லிஃப்ட்டுக்கு ஜெனரேட்டர் போடுவீங்கல்ல. டீசலுக்கு நோட்டு எழுதுவீங்களா?"

எழுதுவார். கீழே அவருடைய மேஜையில், ஏசி சொட்டாத பக்கமாக, அந்த நோட்டு இருந்தது. தேதி, போட்ட நேரம், நிறுத்திய நேரம். சர்வேயர் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிக் கூட்டினாள். ஐந்து நிமிடம், இருபது, பத்து, பன்னிரண்டு. பத்தொன்பதாவது வரியில் நூற்று எழுபது நிமிடம் சரியாக வந்தது. இரண்டு மணி ஐம்பது நிமிடம். அந்த வரி எழுபத்தொரு நாளுக்கு முந்தையது. அதற்கும் மேலே இருந்த வரி எழுபத்தாறு நாளுக்கு முந்தையது. அது கணக்கில் சேரவில்லை. ஆக, இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள் அந்த அம்மா டைமர்களைச் சரியான நேரத்துக்கு வைத்துவிட்டுக் கதவைப் பூட்டியிருக்கிறார்.

நோட்டில் பாதியில் கையெழுத்து மாறியிருப்பதை ஒயர்மேன் கவனித்தான். வாட்ச்மேன் நாற்காலியை ஒரு முறை துடைத்தார். தான் வேலைக்குச் சேர்ந்து அறுபது நாள்தான் ஆகிறது என்றார்.

"அப்ப அந்தம்மாவ நீங்க பார்த்ததே இல்ல."

இல்லைதான் என்றார். ஆனால் நல்ல பழக்கம் என்றார்.

வெளியே வந்து வெயிலில் நின்றார்கள். ஒயர்மேன் அடுத்து எங்கே என்று கேட்கவில்லை. சர்வேயர் பேசாமல் நின்றால் அவனும் கொஞ்சம் நிற்பான். அவர்களுக்குள் அது ஒரு ஒப்பந்தம்.

பிளாஸ்திரியில் இவ்வளவு சுத்தமாக எழுதுகிற ஒருத்தி இந்தப் பிழையை எப்படி விட்டார் என்பதுதான் சர்வேயருக்கு உறுத்தியது. இங்கே இருந்தவரை இன்வெர்ட்டர் இருந்தது, விளக்கும் ஃபேனும் அணைந்ததே இல்லை. அதற்கு முன் தியேட்டர். அங்கே கரண்ட் போகவே விட மாட்டார்கள். சரி. ஆனால் இப்போது வேறெங்கோ இருக்கிறாரே. அங்கே ஒரு முறை இருட்டாகியிருந்தால் போதும், அடுத்த நிமிடம் டைமர் ஞாபகம் வந்து ஓடி வந்திருப்பார். பத்தொன்பது முறையில் ஒருமுறைகூட வரவில்லை.

"அவங்க இருக்கிற இடத்துல கரண்ட் போகவே இல்ல," என்றாள்.

ஒயர்மேன் சிரித்தான். "இந்த ஊர்ல அப்படி ஒரு இடம்தான்கா இருக்கு. ஆஸ்பத்திரி லைன். அதுல மட்டும் கைவைக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு சந்து அதே லைன்ல மாட்டிக்கிச்சு. ஏழு வீடு. வாடகை கேட்டா நமக்கு ஆபரேஷன் தேவைப்படும்."

முப்பத்து நான்கு வருடம் கால் தானாக நடந்து போன திசை. சர்வேயர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

சந்து குறுகலாக இருந்தது. ஒரு பக்கம் ஆஸ்பத்திரியின் பின்மதில், மறுபக்கம் ஏழு வீடுகள். மாடிகளுக்குத் தனி இணைப்பு என்பதால் மொத்தம் பதினொரு மீட்டர்கள். ஒவ்வொரு கதவாகத் தட்டி அறுபத்திரண்டு வயதுப் பெண்ணைப் பார்த்தீர்களா என்று கேட்டால் அந்தச் செய்தி அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும் என்று சர்வேயர் நினைத்தாள். ஒயர்மேன் ஒருவரையும் கேட்காமல் மீட்டர் பெட்டிகளின் முன்னால் கைகட்டி நின்றான். ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. வீட்டுக்குள் கரண்ட் எவ்வளவு வேகமாகச் செலவாகிறதோ அவ்வளவு வேகமாக அது சிமிட்டும்.

பத்து மீட்டர்கள் படபடவென்று சிமிட்டின. நான்காவது வீட்டு மாடியுடையது மட்டும் யோசித்து யோசித்துச் சிமிட்டியது. ஒயர்மேன் எண்ணினான். இருபது நொடிக்கு ஒன்று.

"ஒரே ஒரு ஃபேன் ஓடுது. வேற எதுவுமில்ல. ஃப்ரிட்ஜ் இல்ல, டிவி இல்ல." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "செட்டாப் பாக்ஸ் கூட இல்லக்கா. சன்னியாசி வீடு."

மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினாள் சர்வேயர். திறந்தவர் குள்ளமாக, முடியை இழுத்துக் கட்டி, கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். தன் மகன் அனுப்பிய ஆள் என்றதும் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கவில்லை. செருப்பை ஓரமாகப் போடச் சொன்னார்.

ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஓர் அடுப்பு, தலைக்கு மேல் அந்த ஃபேன். ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி மதில். சிஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து நாற்காலியைச் சர்வேயருக்குக் கொடுத்தார். ஒயர்மேன் கதவோரம் சாய்ந்துகொண்டான்.

சர்வேயர் முதலில் டைமர்களைப் பற்றித்தான் சொன்னாள்.

"எவ்வளவு லேட்?" என்றார் சிஸ்டர்.

"ரெண்டு மணி அம்பது நிமிஷம்."

சிஸ்டரின் முகம் வெளுத்தது. வீட்டை விட்டு ஓடிவந்து பிடிபட்டதற்கு வெளுக்காத முகம் அது. "நாலுமா?"

நான்கும்தான் என்று ஒயர்மேன் விளக்கினான். பெரிய பாயிண்டுகள் இன்வெர்ட்டரில் வராது என்றான். சிஸ்டர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தியேட்டர்ல ஒரு நாள்கூட கடிகாரம் நின்னதில்ல தம்பி. கரண்ட்னு ஒண்ணு போகும்னே எனக்குத் தோணல."

பிறகு சர்வேயர் இல்லத்தைப் பற்றிச் சொன்னாள். நாளை பத்து மணி, டாக்டர் சொன்னது, தான் எழுத வேண்டிய ஒரு பக்கம், எல்லாவற்றையும் சுற்றி வளைக்காமல் சொன்னாள். கெட்ட செய்தியைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தால் வாங்குகிறவர் அதைப் பிரிக்க வேண்டிய வேலையும் சேர்ந்துவிடும் என்பது அவள் கற்ற பாடம். சிஸ்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஏற்கெனவே காய்ந்திருந்த கைகளை மறுபடி துடைத்தார்.

"என் அறைக்குச் சாவி என்கிட்ட இருக்குமா அங்க?" என்று கேட்டார். சர்வேயருக்குத் தெரியவில்லை. இருக்காது என்றுதான் தோன்றியது.

வரும் வழியிலேயே காரணத்தை அவள் முடிவு செய்திருந்தாள். பொழுதெல்லாம் ஒருவன் பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்க முடியாமல், யாரும் பார்க்காத ஓர் அறையைத் தேடி வந்திருக்கிறார். தானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று ஆட்டோவில் நினைத்துக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டிருந்தாள். அதைக் கேள்வியாகக் கேட்டாள். கண்காணிக்கிறது பிடிக்கலையா?

சிஸ்டர் இல்லை என்று தலையசைத்தார்.

"டப்பா வைக்கிறதுக்கு முன்னாடி தினமும் போன் பண்ணுவான். என்ன சாப்பிட்ட, தூங்கினியா, மழை பெய்யுதான்னு. வச்ச பிறகு வாரத்துக்கு ஒண்ணு. அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. ஒரு நாள் காய்ச்சல்னு நானே பண்ணேன். நான் வாயத் திறக்கல, அதுக்குள்ள அவன் சொல்றான், நீ நல்லா இருக்கம்மா, ஆறு மணிக்குக் கீசர் போட்டுட்ட, பார்த்துட்டேன்னு."

ஃபேன் சுற்றியது. கீழே யாரோ குடத்தை வைக்கும் சத்தம்.

"சரி, கீசருதான் அம்மான்னா கீசரே அங்க இருக்கட்டும்னு நான் வந்துட்டேன்." ஆபரேஷன் முடிந்ததும் கத்திகளை எண்ணிச் சொல்பவரைப் போல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார். "எப்பவாவது ஒரு நாள், எங்கம்மா இருக்கன்னு கேப்பான்ல, அப்ப சொல்லிக்கலாம்னு இருந்தேன். இன்னிக்கு எழுபத்தி நாலாவது நாள். கீசர் லேட்டானது அவனுக்குத் தெரிஞ்சுது. நான் இல்லாதது தெரியல."

சர்வேயருக்கு வேறு ஊரில் வேலை பார்க்கும் ஒரு மகள் இருந்தாள். தினமும் காலையில் போனைத் திறந்து, மகளின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் மூடிவிட்டு வேலையைத் தொடங்குவாள். அதை அவள் இத்தனை நாளும் பாசம் என்று நினைத்திருந்தாள். பாசம்தான். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவளுக்கு அது எட்டவே எட்டாது என்பது இந்தக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. கடைசியாக மகளின் குரலைக் கேட்டது எப்போது என்று யோசித்தாள். தேதி கிடைக்கவில்லை. நழுவிக்கொண்டே போனது.

கதவோரம் நின்ற ஒயர்மேன் தொண்டையைக் கனைத்தான். மணி இரண்டரைதான் ஆகிறது, பத்து நிமிடத்தில் நான்கு தட்டையும் திருப்பிச் சரியான நேரத்துக்கு வைத்துவிடலாம் என்றான். நாளைக் காலை ஆறு மணிக்குக் கோடு எழும்பிவிடும், அம்மா தேறிவிட்டார் என்று மகனும் சந்தோஷப்படுவான், இல்லமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். சிஸ்டர் உடனே எழுந்துவிட்டார். பிழை இருக்கிறது என்று தெரிந்தபின் உட்கார்ந்திருப்பது அவருக்கு முடியாது போலிருந்தது. சர்வேயர் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. பொய் எழுதித் தர முடியாது என்று மட்டும் படியிறங்கும்போது சொன்னாள். தெரியும் என்றார் சிஸ்டர்.

ஃப்ளாட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று. சமையலறையில் புகைபோக்கி விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இல்லாத சமையலின் இல்லாத புகையை மும்முரமாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. சிஸ்டர் வாசலிலேயே நின்று, தான் இல்லாமல் தன் வீடு குடித்தனம் நடத்துவதைப் பார்த்தார்.

ஒயர்மேன் டிவிக்குப் பின்னால் மண்டியிட்டு டைமர் தட்டில் விரலை வைத்தான்.

"விடுங்க தம்பி," என்றார் சிஸ்டர்.

"பத்து நிமிஷ வேலைதான் சிஸ்டர்."

"சரியா வச்சா அவன் இன்னும் பத்து மாசம் கேக்க மாட்டான்."

வாசலுக்குப் பக்கத்திலிருந்த மெயின் போர்டைத் திறந்தார். சர்வேயரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். அனுமதி கேட்கும் பார்வை அல்ல. தியேட்டரில் ஆரம்பிக்கலாமா என்று டாக்டரைப் பார்ப்பது போன்றது. பிறகு மெயினைக் கீழே இழுத்தார்.

விசிறி தயங்கி நின்றது. ஃப்ரிட்ஜ் ஒரு முறை உதறிக்கொண்டு அடங்கியது. போர்டிலிருந்த மகனின் டப்பாவில் மட்டும் இன்வெர்ட்டர் தயவில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. இந்த வீட்டில் ஒன்றுமே ஓடவில்லை என்று அது உண்மையைச் சொல்லத் தொடங்கியது.

எதையோ சொல்ல வாயெடுத்த ஒயர்மேன், நாற்காலியை இழுத்துச் சிஸ்டருக்குப் போட்டான்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குச் சர்வேயரின் போன் அடித்தது. மகன்தான். பின்னால் விமான நிலையத்தின் இரைச்சல். ஓடிக்கொண்டே பேசினான்.

"மேடம், அம்மா வீட்ல ஜீரோ காட்டுது. ஃப்ரிட்ஜ்கூட இல்ல. நீங்க போனீங்களா? அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"உங்க ரிப்போர்ட் ரெடி," என்றாள் சர்வேயர். "உங்க அம்மாவுக்கு நேரம் நல்லாத் தெரியுது. உங்க வீட்டுக்குத்தான் தெரியல. நாளைக்குப் பத்து மணிக்கு வரலைன்னு அந்த இல்லத்துல சொல்லிடுங்க."

"அப்ப ஜீரோ ஏன் காட்டுது? அம்மா எங்க?"

"அத என்கிட்ட ஏன் சார் கேக்குறீங்க?"

வைத்துவிட்டாள். அரை நிமிடம் போனது. பிறகு சிஸ்டரின் மடியிலிருந்த போன் அதிர்ந்தது. அவர் அவசரப்படவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பெயரைப் படித்துவிட்டு எடுத்தார்.

காதில் வைத்த போனிலிருந்து அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. மூச்சு வாங்கியது. முதலில் அம்மா என்று மட்டும் வந்தது. அடுத்ததற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

"எங்கம்மா இருக்க?"

சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு. நாலாவது வீடு, மாடி. நேரா அங்க வந்துடு, நானும் கிளம்பிட்டேன்." எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "பெல் கிடையாது. கதவத் தட்டணும்."